அவகாசம்

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவரின் கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உன் தொண்டை வலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

முதலில் சந்தோஷமான விஷயம். நீ தலைமை ஆசிரியை ஆனதை அப்பா பால் ஊற்றுகிறவர் வரைக்கும் சொல்லிவிட்டார். "கண் ஆபரேஷன் ஆனதுல இருந்து எனக்கு எல்லாம் பளிச்சுனு தெரியுது, என் சின்ன மக பெரிய ரூம்ல உட்கார்ந்திருக்கிறதும் தெரியுது" என்கிறார்.

இனி என் விஷயம். போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் "சரி சரி" என்று வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

செயற்கைக் கால் பட்டறையில் பத்தொன்பது வருடமாக என்ன செய்கிறேன் என்பது உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். கால் போனவர்கள் வந்தால், மீதியிருக்கிற காலில் மெல்லிய உறை மாட்டி, உள்ளே எலும்பு எங்கே துருத்துகிறது என்று விரலால் தேடி, நனைந்தால் ஊதாவாகிற பென்சிலால் குறி போடுவோம். மேலே பிளாஸ்டர் துணி சுற்றி அச்சு எடுத்தால் அந்தக் குறி அச்சுக்குள் பதியும். அச்சில் வார்க்கிற மாவுக்காலிலும் பதியும். அந்த மாவுக்காலின் மேல்தான் காலை நுழைக்கிற கூட்டைச் செய்வோம். எலும்பு இருக்கிற இடத்தில் மாவை இன்னும் அப்ப வேண்டும். பாரம் தாங்குகிற சதையில் இழைத்து எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் புண். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குறி போட்டவர்தான் இழைக்க வேண்டும், வேறு கை படக் கூடாது.

அப்பாவின் கண்ணுக்காக நான் இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன் அல்லவா? அப்போது என் மேசையில் ஒரு தபால்காரம்மாவின் மாவுக்கால் இருந்தது. பார்வையாளர்கள் வருகிறார்கள் என்று எங்கள் துணைப் பொறுப்பாளர் அதை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை வெளேர் என்று ஆக்கிவிட்டார். ஊதாக் குறி அத்தனையும் போயிற்று. பிறகு பயந்துபோய் உத்தேசமாகத் தானே குறி போட்டு, தானே இழைத்து, காலையும் முடித்து அனுப்பிவிட்டார். நான் திரும்பி வந்தபோது "அவசரம்னு கேட்டாங்க, குடுத்துட்டோம்" என்றார். குறி ஒரு விரல் தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது வாரம் அந்த அம்மாவுக்கு முட்டிக்குக் கீழே, வெளிப்பக்க எலும்பில் ஆழமான புண்.

பதிவேட்டில் இருப்பது என் பெயர். விசாரணையில் அவர் "அவங்க மேசை, அவங்க வேலை" என்று மட்டும் சொன்னார். என்னைச் சாமான் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இந்த மாதம் முதல் பொறுப்பாளர்.

என் கைகள் எப்போது மேசைக்குத் திரும்பும் என்று தெரியவில்லை. ஜெபத்தில் நினைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 15

என் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். தொண்டை சரியாகிவிட்டது. உன் கடிதத்தைப் படித்துக் கத்தியதில் மறுபடி கட்டிக்கொண்டது.

அந்த ஆளை நான் உங்கள் ஆண்டு விழாவில் பார்த்திருக்கிறேன். நீங்கள் எல்லாரும் மாவு மூட்டையில் விழுந்து எழுந்த மாதிரி நிற்க, அவர் மட்டும் முழுக்கைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றார். இன்றிலிருந்து அவர் பெயர் இஸ்திரி. நம் வீட்டில் யாரும் வேறு பெயர் சொல்லக் கூடாது.

நீ ஏன் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்? "நான் அன்னைக்கு லீவு, போய் வருகைப் பதிவைப் பாருங்க" என்று மேசையில் ஒரு தட்டு தட்டியிருக்க வேண்டாமா? சொல்லியும் அவர்கள் நம்பவில்லை என்றால், அவர் தேய்த்ததை அந்தப் பட்டறையில் ஒருவருமா பார்க்கவில்லை? இப்படிப்பட்டவர்களை ஆண்டவர் ஏன் விட்டுவைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் அந்த அதிகாரம் இருந்தால் ஒரு நிமிடம் போதும்.

என் பதவியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ரூம் பெரிது. மின்விசிறி சத்தம் போடுகிறது. பால்காரரிடம் எல்லாம் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.

கோபத்துடனும் அன்புடனும்,
குட்டி


மார்ச் 20

அன்புக் குட்டிக்கு,

நாங்கள் நலம். அப்பா புதுக் கண்ணாடியில் என் தலையைப் பார்த்து, "உனக்கு எப்பம்மா இவ்வளவு நரைச்சது?" என்று கேட்டார். பார்வை வந்ததில் இப்படியும் ஒரு தொல்லை.

விடுப்பில் இருந்தேன் என்று சொன்னேன். "லீவுக்கு முன்னாடியே இழைச்சிருப்பீங்க" என்றார்கள். பார்க்கவில்லையா என்று கேட்டாயே, பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். வார் தைக்கிற தோல்காரர். இஸ்திரி தேய்த்தபோது இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். விசாரணையில் அவரைக் கேட்டபோது, "நான் குனிஞ்சு தைச்சுட்டு இருந்தேன்" என்றார். பிறகு சாமான் அறைக்கு வந்து, "எனக்கு மூணு பிள்ளைங்கம்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். உண்மையைச் சொல்கிறேன், குட்டி. இஸ்திரி மேல் வருகிற கோபத்தைவிட இவர் மேல்தான் எனக்கு அதிகம் வருகிறது. இஸ்திரி பயத்தில் செய்தார். இவர் தெரிந்தே நாக்கை மடக்கிக்கொண்டார்.

சென்ற ஞாயிறு ஆராதனையில் இஸ்திரி சாட்சி சொல்ல எழுந்தார். ஆம், நம் சபையில்தான். "நேர்மையா நடந்தா ஆண்டவர் ஏற்ற நேரத்துல உயர்த்துவார். அதுக்கு நானே சாட்சி" என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். பழக்கதோஷத்தில் என் வாயும் ஆமென் என்றது! வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லி அழுதேன். "நீ முதல் பாதிக்குத்தான்மா ஆமென் சொன்னே, ஆண்டவருக்குத் தெரியும்" என்றார்.

அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நன்றாகத் தூங்கியவர் முகம். பத்திரிகையில் படம். தப்புச் செய்தவருக்கு ஒரு தலைவலிகூட வருவதில்லை. நானோ, சாமான் அறையில் திருகாணி எண்ணிக்கொண்டு, மத்தியானமே களைத்துப்போகிறேன்.

இப்போது என் ஜெபம் என்ன தெரியுமா? "ஆண்டவரே, இந்த மாதம் முடிவதற்குள் அவரை விழத் தட்டும்." கெடு வைத்துவிட்டேன். இப்படி ஜெபிக்கலாமா என்று போதகரிடம் கேட்கத் தைரியமில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

உன் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுது. நீயாவது நல்ல வழியில் மேலே வந்தாய் என்று நினைத்தால் மனது ஆறுகிறது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. தேர்வு வேலை.

ரூமுக்குத் திரைச்சீலை மாற்றினேன். பச்சை. மின்விசிறியைச் சரிசெய்ய ஆள் வந்து, சத்தத்தை இன்னும் கூட்டிவிட்டுப் போனார்.

தோல்காரரை ரொம்பத் திட்டாதே. அவருக்கு என்ன கஷ்டமோ.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அப்பாவைச் சொட்டு மருந்து விடாமல் போடச் சொல்.

குட்டி


மே 14

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவரின் தயவால் சுகம். உன் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. திரைச்சீலையைப் பற்றி எழுதுகிறவள் இல்லையே நீ. உடம்புக்கு முடியவில்லையா? மாப்பிள்ளையோடு சண்டையா? எழுத இஷ்டம் இல்லையென்றால் விடு. நான் கேட்டேன் என்பது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும்.

கெடு முடிந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இஸ்திரிக்குப் புதிதாக ஒரு கேடயம் கொடுத்திருக்கிறார்கள். ஆண்டவர் என் கெடுவைப் படித்ததாகவே தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கால் உறைகளைக் கொடுப்பது சாமான் அறையில்தான். செயற்கைக் கால் போட்டவர்களுக்கு மீதிக்கால் நாளடைவில் வற்றும். வற்ற வற்றக் கால் லொடலொடக்கும். ஆட்டம் தெரியாமல் இருக்க இரண்டு உறை, மூன்று உறை என்று மாட்டிக்கொள்வார்கள். மேசையில் இருந்தவரை நான் ஒருவருக்குக் கால் செய்து அனுப்பினால் அத்தோடு சரி, அவர் எப்படி நடக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இங்கே எல்லாரும் என் ஜன்னலுக்கு வருகிறார்கள். பேருந்து நடத்துநர் ஒருவர் ஐந்து உறை கேட்டார். "அஞ்சா? காலைப் போடுறீங்களா, மெத்தையைக் கட்டுறீங்களா?" என்றேன். சிரித்துவிட்டு, படி ஏறும்போது கால் கழன்று வருகிறது என்று அப்போதுதான் சொன்னார். புது அச்சுக்கு எழுதி அனுப்பினேன். இப்போது இது என் வேலை ஆகிவிட்டது. பத்தொன்பது வருடம் நான் பார்க்காத ஒன்றை இந்த ஜன்னலில் பார்க்கிறேன். இதற்காக நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. கொஞ்சம் வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னேன்.

தபால்காரம்மாவும் வந்தார். புண் ஆறி, புதுக் கால் போட்டிருந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தார்.

"நீங்கதானே என் காலைச் செஞ்சது?"

"அளவெடுத்தது நான். இழைச்சது நான் இல்லம்மா."

"அப்ப யாரு?"

வராந்தாவில் இஸ்திரி யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா திரும்பி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி. வீடு வீடாப் போறவ நான், மூஞ்சியைப் பார்த்தா உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியும். ரெண்டு உறை குடுங்க" என்றார். போகும்போது நடையைக் கவனித்தேன். நல்ல நடை.

உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், எதற்கு என்று தெரியாமலே.

அக்கா


ஜூன் 25

அன்புக் குட்டிக்கு,

என் மே மாதக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. போனில் "நல்லா இருக்கேன்" என்கிறாய். அப்பா, "அவ குரல்ல ஏதோ கல் மாட்டியிருக்கு" என்கிறார். காது மந்தமானவருக்கே கேட்கிறது.

நான் இப்போது எழுதுவது ஒரு யோசனை கேட்க. இஸ்திரி என்னைக் கூப்பிட்டார். ஒரு தாளை நீட்டினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. அந்த மாவுக்காலை இழைத்தது நான்தான், கவனக்குறைவு என்னுடையது என்று நான் கையெழுத்துப் போட்டால், விசாரணையை முடித்து என்னை மறுபடி மேசைக்கு எடுத்துக்கொள்வார்களாம். "ஜூலை கடைசி வரைக்கும் அவகாசம். அதுக்கப்புறம் உங்க மேசைக்கு வேற ஆள் போட்டுருவோம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், அக்கா" என்றார். அக்கா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

தாள் இப்போது சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. பறக்காமல் இருக்க அப்பாவின் கண்ணாடிக் கூட்டை வைத்திருக்கிறேன். சாமான் அறையில் எனக்குச் சில நல்ல நாள்கள் கிடைத்தன, பொய் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். காலையில் கை கழுவும்போது விரல்கள் எலும்பைத் தேடுகின்றன. ஒரு பொய்யில் என் வேலை திரும்பக் கிடைக்கும். போடட்டுமா?

அக்கா


ஜூலை 3

அக்காவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது.

கையெழுத்துப் போட்டுவிடு. ஒரு தாள்தானே. யாரும் அதை எடுத்துப் படிக்கப்போவதில்லை. ஏதாவது ஒரு அலமாரியில் கிடக்கும். உனக்கு உன் வேலை கிடைக்கும். பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

குட்டி


ஜூலை 11

அக்கா,

நலம் விசாரிக்காமல் தொடங்குகிறேன், மன்னித்துக்கொள்.

போடாதே. போன கடிதத்தில் எழுதியதை மறந்துவிடு. "ஒரு தாள்தானே, பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது." இதே வார்த்தைகளை நான் இதற்கு முன் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். உனக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வரும் வழியில்தான் அது எனக்கு உறைத்தது.

சென்ற வருடம் எங்கள் பள்ளியில் தேர்வுக்கு முன்பே கேள்வித்தாள் வெளியே போனது. அது இருந்த அலமாரியைக் கடைசியாகத் திறந்தவள் நான். போன் வந்தது, பேசிக்கொண்டே எழுந்து போய்விட்டேன். பூட்டவில்லை. அன்று மாலையே எனக்கு நினைவு வந்துவிட்டது. ஆனால் சாவிக்குப் பொறுப்பு லேப் டீச்சர். என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர். அடுத்த தலைமை ஆசிரியை அவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். "நான் பூட்டினேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று விசாரணையில் திரும்பத் திரும்பச் சொன்னார். நிஜமாகவே அவர் பூட்டியிருந்தார். அதற்குப் பிறகு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் திறந்தது நான்.

பூட்ட மறந்தது அவர்தான் என்று எழுதிய தாளோடு நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "கையெழுத்துப் போட்டுடுங்க டீச்சர், ஒரு தாள்தானே, பெருசா ஒண்ணும் ஆயிடாது" என்றேன். ஆறுதல் சொல்கிற மாதிரி அவர் தோளில் கைகூட வைத்தேன், அக்கா. போட்டார். அந்தத் தாள் இப்போது என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. பச்சைத் திரைச்சீலை போட்ட அந்த ரூமில்.

நீ தோல்காரரைப் பற்றி எழுதினாய். இஸ்திரியைப் பற்றி எழுதினாய். ஒவ்வொரு வரியையும் எனக்கே எழுதியது போலப் படித்தேன். அவரை விழத் தட்டும்படி நீ ஜெபிக்கிறாய் என்று படித்த நாளிலிருந்து நான் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். சிரிக்காதே, நிஜம்.

நான் நல்ல வழியில் மேலே வந்தேன் என்று நினைத்தால் உன் மனது ஆறும் என்று எழுதியிருந்தாய். அந்த ஆறுதலை எடுத்துவிட்டேன்.

இன்னும் பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் மாப்பிள்ளைக்கே நேற்றுத்தான் தெரியும். உன் பதிலுக்காக இருக்கிறேன். திட்டினாலும் எழுது.

குட்டி


ஆகஸ்ட் 3

அன்புத் தங்கைக்கு,

நானும் அப்பாவும் சுகம். பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்குக் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை. உனக்கே தெரியும்.

உன் கடிதத்தை முதல் வாரம் முழுக்க லேப் டீச்சராக இருந்துதான் படித்தேன். அவர் தோளில் நீ கை வைத்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தாளை மடித்து வைத்துவிடுவேன். உன் போனை எடுக்காததும் அதனால்தான். அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

பிறகு ஒரு நாள் காலையில் வழக்கம்போல ஜெபிக்க உட்கார்ந்தேன். வழக்கம்போல இஸ்திரியில் ஆரம்பித்தேன். "அநியாயம் செய்துவிட்டு மேலே போகிறவர்களை ஏன் ஆண்டவரே..." என்றவள், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றுவிட்டேன். அந்த வரிசையில் இப்போது நீயும் நிற்கிறாய். அவரை மட்டும் தள்ளிவிட்டு உன்னை மட்டும் பிடித்துக்கொள்ளும் என்று எப்படிக் கேட்பேன்?

மார்ச்சில் நான் வைத்த கெடுவை ஆண்டவர் எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நீ கைப்பிடியைப் பிடித்தும் பயன் இருந்திருக்காது. நான் அவருடைய தாமதம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அந்த நான்கு மாதத்தில்தான் நீ உனக்குள்ளே அந்த அலமாரிக்குத் திரும்பிப் போயிருக்கிறாய். என் ஜெபம் தள்ளப்பட்டதற்காக முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். இந்த முறை வேண்டாவெறுப்பாக இல்லை.

என் தாளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கடைசி நாளுக்கு முந்தின நாள் போனேன்.

"யோசிச்சீங்களா?" என்றார் இஸ்திரி.

"யோசிச்சேன் சார். அளவெடுத்தது நான்னு எழுதியிருந்தா இப்பவே போடுறேன். இழைச்சது நான்னு எழுதியிருக்கு."

"ஒரு வார்த்தைதானே மாறுது?"

"அந்தம்மாவுக்கும் ஒரு விரல்தான் சார் மாறுச்சு."

அவர் தாளை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாளில் என் மேசையில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள். நல்ல கை அவளுக்கு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியாமலா எனக்கு எழுதினாய்? போகும்போது மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. வாசல் வரை போதும். உள்ளே நீ மட்டும் போ.

என்றும் உன்,
அக்கா


செப்டம்பர் 21

என் அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். நிஜமான சுகம். ஆறு மாதத்துக்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று எனக்குத் தெரிகிறது.

தாளாளரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "முடிஞ்சு போனதை ஏன் கிளறுறீங்க? பள்ளிக்கூடம் நல்லாத்தானே ஓடுது?" என்றார். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன், திரும்ப வாங்க முடியாதபடி இரண்டு பிரதி. விளைவு: நான் மறுபடியும் ஆறாம் வகுப்பு. தலைமை ஆசிரியை லேப் டீச்சர் என்று நினைக்கிறாயா? இல்லை. விளையாட்டு டீச்சர். பிரார்த்தனைக் கூட்டத்தை விசில் ஊதித் தொடங்குகிறார். பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம்.

லேப் டீச்சரிடம் சொன்ன கதையைத்தான் நீ கேட்பாய். தாளாளரிடம் போவதற்கு முன்பே அவரிடம் போனேன். ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தார். முழுக்கச் சொன்னேன். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அப்படியே நின்றார்.

"அப்ப நான் பூட்டினேனா?" என்றார்.

"பூட்டினீங்க டீச்சர்."

"ஒரு வருஷமா நான்தான் மறந்திருப்பேனோன்னு நெனச்சுட்டு இருந்தேன். வீட்டுல கேஸை அணைச்சேனான்னு மூணு தடவை போய்ப் பார்ப்பேன். கதவைப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப்புல இருந்து திரும்பி ஓடுவேன். என் மேலேயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு."

நான் அழுதேன். அவர் அழவில்லை. "மன்னிச்சுட்டேன்னு சட்டுனு சொல்ல வரல. நீங்க எழுதிக் குடுக்கிறதுல ஒரு பிரதி எனக்கு வேணும்" என்றார். மறுநாள் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். பிறகு இந்த வாரம், ஆசிரியர் அறையில் எல்லாரும் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தபோது, தன் பையை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். பையை மட்டும் வைத்தார்.

அப்பாவுக்குப் போன் செய்து நானே சொன்னேன். கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்லப் போனேன். "கேட்டுச்சும்மா. கண்ணைத் துடைச்சுட்டு இருக்கேன். டாக்டர் கசக்கக் கூடாதுன்னாரு" என்றார். பிறகு, "பால்காரர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

அக்கா, ஆண்டவர் என்னை விழ விடாமல் இறங்க விட்டாரே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உனக்கும்.

குட்டி


நவம்பர் 16

அன்புக் குட்டிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம், இங்கே அனைவரும் நலம். லேப் டீச்சரின் பை இன்னும் உன் பக்கத்தில்தான் இருக்கிறதா? அப்பா பால்காரரிடம் சொல்லிவிட்டார். "என் மக பதவியை விட்டுட்டா, அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம். பால் திரிந்துவிட்டது.

எனக்கு மேசை கிடைக்கவில்லை. இனிக் கிடைக்காது என்று நினைக்கிறேன். சில காலைகளில் விரல்கள் இன்னும் தேடத்தான் செய்கின்றன. மற்றபடி, இந்த மாதம் பதினோரு பேரைப் புது அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். என் மேசைக்கு வந்த பெண் சந்தேகம் வந்தால் பென்சிலோடு ஜன்னலுக்கு ஓடி வருகிறாள். தோல்காரரோடு மறுபடி தேநீர் குடிக்கிறேன். அவர் இன்னும் அந்த விஷயத்தைப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய மூன்றாவது பெண்ணுக்குப் பல் விழுந்த கதையைச் சொன்னார்.

இஸ்திரிக்குப் பதவி உயர்வு. நான்கு ஊர்ப் பட்டறைகளுக்கும் அவர்தான் இனி மேலாளர். வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழா. மாலை, கேடயம், பேச்சு. பேசியவர்கள் அவருடைய நேர்மையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். எனக்கு வலிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். கொஞ்சம் வலித்தது. ஆனால் அவர் தூங்குகிற தூக்கத்தைப் பற்றி இப்போது எனக்குப் பொறாமை இல்லை. நீ பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால் எப்படி உட்கார்ந்திருந்தாய் என்று நீயே எழுதியதைப் படித்தவள் நான்.

விழா முடிந்த பிறகு அவர் தனியாகச் சாமான் அறைக்கு வந்தார். இந்த ஒன்பது மாதத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஜன்னல் பக்கம் போகாமல் கதவு வழியாக வந்தார்.

"ஏதாவது வேணுமா சார்?"

"இல்ல... சும்மா வந்தேன்."

உறை அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்தார். ஒரு உறையை எடுத்து விரித்தார், மடித்தார், வைத்தார். சரியாக மடிக்கத் தெரியவில்லை. நான் மடக்கு நாற்காலியை எடுத்து வாசல் பக்கம் விரித்துப் போட்டேன். "உட்காருங்க சார்."

நாற்காலியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். வெளியே யாரோ கூப்பிட்டார்கள். "வரேன் அக்கா" என்று போய்விட்டார்.

என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். மாலையில் ஜெபித்தபோது அவர் பெயரைச் சொன்னேன், இஸ்திரி என்று இல்லை, அவருடைய சொந்தப் பெயரை. "இன்னும் கொஞ்சம் நாள் கொடும் ஆண்டவரே, என் தங்கைக்குக் கொடுத்த மாதிரி" என்றேன். கெடு எதுவும் வைக்கவில்லை.

இன்று திங்கட்கிழமை. மத்தியான இடைவேளையில் இந்த ஜன்னலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் அந்த நாற்காலியில் இடித்துக்கொண்டு, "இதை எடுத்து உள்ள வைங்களேம்மா" என்கிறார்கள். எடுக்கவில்லை.

அன்புடன்,
உன் அக்கா